கீழே யார் நிற்பது?

என் மாமாவுக்கு வேலையிடத்தில் வைத்த பெயர் ‘மெதுவா’. முப்பத்தொரு வருடமாக டவர் கிரேன் ஓட்டுகிறார். கட்டி முடியாத கட்டடங்களுக்கு நடுவே ஒற்றைக் காலில் நிற்குமே, அந்தக் கிரேன். அதன் உச்சியில், கை கால் நீட்ட முடியாத கண்ணாடிக் கேபினில் உட்கார்ந்துகொண்டு, கீழே இருப்பவர்கள் அவசரப்படுத்தும்போதெல்லாம் வாக்கி டாக்கியில் “மெதுவா, மெதுவா” என்பார். அதுவே பெயராகிவிட்டது. சொந்தப் பெயரைச் சொல்லித் தேடினால் வாசல் காவலாளிக்கே யாரென்று தெரியாது.

ஆள் குள்ளம், ஒல்லி. காலையில் ஏணி ஏறினால் மதியம் ஒரு முறை இறங்குவார், பிறகு மாலையில்தான். மேலே கழிப்பறை கிடையாது. சின்னத் தேவைக்கு ஒரு பாட்டில் உண்டு. மற்றதற்கு நாற்பது மீட்டர் இறங்கியாக வேண்டும். அதனால் தன் வயிற்றை அவர் ரயில் நேரம்போலப் பழக்கி வைத்திருந்தார். காலை ஐந்தரைக்கு ஒரு முறை, பிறகு மறுநாள் ஐந்தரைக்கு. இதை வீட்டுக்கு வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்வார். அத்தை தலையில் அடித்துக்கொள்வார்.

அந்த நேரக்கணக்கு தப்ப ஆரம்பித்ததை முதலில் கண்டுபிடித்தவர் சிக்னல்மேன். சுமையைக் கொக்கியில் மாட்டிவிட்டு, தரையில் நின்று, தூக்கு, நிறுத்து, இடது, வலது என்று கையாலும் வாக்கி டாக்கியாலும் சொல்கிறவர். மேலே இருக்கும் மாமாவுக்குச் சுமையின் உச்சிதான் தெரியும். பாதி நேரம் கட்டடம் மறைத்து அதுவும் தெரியாது. கை மேலே இருப்பவருடையது, கண் கீழே நிற்பவருடையது. பன்னிரண்டு வருடமாக மாமாவுக்கு அந்தக் கண் ஒரே ஆள்தான். அவரையும் பெயர் சொல்லி யாரும் அழைப்பதில்லை. எங்களுக்கெல்லாம் அவர் ‘சிக்னல்’.

ஒரு நாள் மாமா வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து அவர் அத்தையைத் தேடி வந்தார்.

“அண்ணி, நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. அண்ணன் இப்பல்லாம் ஒரு நாளைக்கு மூணு தடவை இறங்குறார்.”

“டீ குடிக்க இறங்குவாரா இருக்கும்.”

“டீயை நான் கயித்துல கட்டி மேல அனுப்பிடுறேன். இது வேற. இறங்கினதும் ஓடுறார் அண்ணி. அந்த மனுஷன் ஓடி நான் பாத்ததே இல்ல.”

அன்று மாலை அத்தை கேட்டபோதுதான் தெரிந்தது, நான்கு மாதமாக ரத்தம் போயிருக்கிறது. மாமா களிம்பு வாங்கிப் போட்டுக்கொண்டு யாரிடமும் மூச்சு விடவில்லை.

“மூலம்தான். உக்காந்தே வேலை பாக்குறவனுக்கு வராம வேற யாருக்கு வரும்?”

“அதை டாக்டர் சொல்லட்டும். நீங்க கிரேனை ஓட்டுங்க.”

மூலம் இல்லை. குடலின் கடைசிப் பகுதியில், மலவாயிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் உள்ளே, புற்றுநோய்க் கட்டி. டாக்டர் விரலை விட்டபோதே தட்டுப்பட்டுவிட்டது. பிறகு கேமராக் குழாய் விட்டுப் பார்த்து, சதை எடுத்துச் சோதித்து உறுதி செய்தார்கள். வேறெங்கும் பரவவில்லை என்று ஸ்கேன் சொன்னது. ஐந்து வாரம் கதிர்வீச்சும் மாத்திரையும், அதன் பிறகு சில வாரம் ஓய்வு, பிறகு அறுவை சிகிச்சை.

கதிர்வீச்சும் ஓய்வும் முடிந்து நாங்கள் பார்க்கப் போன அறுவை சிகிச்சை டாக்டர் ஒரு பெண். ஐம்பது வயதிருக்கும், ஓட்டப்பந்தயத்துக்குப் போகிறவர்கள் மாட்டும் காலணி அணிந்திருந்தார். அவருக்கு எங்கள் மொழி வராது. நான் இரண்டு மொழியிலும் படித்தவள் என்பதால் குடும்பத்தில் எந்த மனு, எந்த அலுவலகம் என்றாலும் என்னைத்தான் அழைப்பார்கள். மாமாவின் இரண்டு பெண்களும் கல்யாணமாகி வெவ்வேறு ஊர்களில் இருந்தார்கள். எனவே டாக்டருக்கும் மாமாவுக்கும் நடுவே நான் உட்கார்ந்தேன்.

டாக்டர் ஒரு தாளில் டம்ளர் மாதிரிப் படம் வரைந்தார்.

“ஆம்பளைங்களுக்கு இடுப்பெலும்பு குறுகல். உங்களுக்கு அதுலயும் குறுகல். கட்டி அடியில இருக்கு. சின்ன டம்ளருக்குள்ள கையை விட்டு, அடியில ஒட்டியிருக்கிறதைச் சுத்தமா வழிச்செடுக்கிற வேலை இது. வயித்தைத் திறந்து கையை விட்டா எனக்கு அவ்வளவு ஆழத்துல சரியாத் தெரியாது. ரோபோ கைங்க மெல்லிசு. சின்னச் சின்ன ஓட்டை வழியா உள்ள போகும், மணிக்கட்டு மாதிரி திரும்பும். நான் தள்ளி உக்காந்து ஓட்டுவேன். அது தானா எதுவும் செய்யாது. நான் அசைச்சாதான் அசையும்.”

அவர் மிகைப்படுத்திப் பேசவில்லை. நோயை அகற்றுவதில் கையால் செய்தாலும் இதில் செய்தாலும் பெரிய வித்தியாசம் இருக்காது என்றார். மாமாவின் உடம்புவாகுக்கு, மலத்தை அடக்கும் தசையைக் காப்பாற்ற இதில் வாய்ப்பு அதிகம் என்பதுதான் அவர் கணிப்பு. தசையைக் காப்பாற்ற முடியாவிட்டால் வயிற்றில் துளை போட்டு, ஆயுள் முழுக்க மலம் சேரும் பை மாட்ட வேண்டியிருக்கும். காப்பாற்றினாலும் தையல் ஆறும்வரை சில மாதம் பை உண்டு.

ஆயுள் முழுக்கப் பை என்றால் மாமாவுக்கு என்ன பொருள் என்று எங்களுக்குத் தெரியும். கிரேனில் ஏற இடுப்பைச் சுற்றிப் பாதுகாப்புப் பட்டை கட்ட வேண்டும். பை இருக்கும் இடத்தில்தான் பட்டை இறுகும். கம்பெனி டாக்டர் ஏற விடமாட்டார். ஐம்பத்தாறு வயதில் மாமாவுக்கு வேறு வேலை தெரியாது.

ஆனால் மாமா அந்த அறையில் பயந்த மாதிரித் தெரியவில்லை. புது வண்டி வாங்க வந்தவர்போல விசாரித்தார்.

“எத்தனை கை?”

“நாலு.”

“பிடிக்கும்போது எவ்வளவு இறுக்கம்னு கையில தெரியுமா?”

“தெரியாது. கண்ணால பாத்துத்தான்.”

“எனக்கும் அப்படித்தான். கயிறு நடுங்குறதைப் பாத்து எடையைச் சொல்லிடுவேன்” என்றார் மாமா. டாக்டர் சிரித்தார். பிறகு மாமா என் பக்கம் திரும்பி, சற்றுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“அவங்க தள்ளி உக்காருவாங்க, சரி. கீழே எப்படி? அதைக் கேளு பாப்பா.”

நோய் தெரிந்ததிலிருந்து மாமா வீட்டில் ‘கீழே’ என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான் இருந்தது. கதிர்வீச்சு நடந்த நாட்களில் அத்தை காலையும் மாலையும் “கீழே எரியுதா? கீழே மருந்து போட்டீங்களா?” என்று கேட்டபடி இருப்பார். எனவே நான் யோசிக்கவே இல்லை. கீழே உள்ள தசை நிலைமை என்னவாகும் என்று கேட்கிறார் என டாக்டரிடம் சொன்னேன். டாக்டர் சிரிப்பை நிறுத்திவிட்டு நேர்மையாகப் பதில் சொன்னார். அதை ஒரு சொல்லும் பிசகாமல் மாமாவிடம் கொடுத்தேன்.

“கீழே பத்தி இப்பவே உறுதியா சொல்ல முடியாதாம் மாமா. உள்ள போய்ப் பாத்தாதான் தெரியுமாம். முடிஞ்சவரைக்கும் முயற்சி பண்றாங்களாம்.”

மாமாவின் முகம் கதவு சாத்தியதுபோல ஆனது. தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னார்: “அந்த மெஷின் வேண்டாம். வயித்தைத் திறந்து கையாலயே பண்ணச் சொல்லு. பை வெச்சா வெக்கட்டும்.”

அத்தை சோபாவில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். “முப்பது வருஷமா மெஷினுக்குள்ளயே குடியிருக்கிற ஆளு. இப்ப மெஷினைக் கண்டா பயமாம்!”

“பயம் இல்ல.”

“அப்புறம் என்ன?”

“முறை இல்ல. அவங்க படிச்சவங்க, நான் குத்தம் சொல்லல. ஆனா ஒத்துக்க மாட்டேன்.”

அதற்கு மேல் அவர் வாயைப் பிடுங்க முடியவில்லை. மூன்றாம் நாள் மருத்துவமனையிலிருந்து எனக்குத் தொலைபேசி வந்தது. அடுத்த வாரம் புதன்கிழமைக்கு ரோபோ அறை ஒதுக்கியிருக்கிறார்கள், திங்கள் மாலைக்குள் கையெழுத்து வேண்டும், இல்லையென்றால் அந்த நாள் வேறொருவருக்குப் போய்விடும், கதிர்வீச்சு முடிந்து அதிக நாள் தள்ளிப்போடுவதும் நல்லதில்லை. இதையெல்லாம் மாமாவிடம் சொன்னேன். ரோபோ அறுவை சிகிச்சை நடக்கும் வீடியோ ஒன்றைப் போட்டுக் காட்டினேன். முழுவதையும் கண் சிமிட்டாமல் பார்த்தார். “நல்லா ஓட்டுறாங்க” என்றார். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “வேண்டாம்” என்றார்.

அத்தை சண்டை போட்டுப் பார்த்தார். பேசாமல் இருந்து பார்த்தார். இரண்டுக்கும் மாமா அசையவில்லை. நான் அவரிடம் ஏன் என்று ஒரே ஒரு முறைதான் கேட்டேன். இன்னொரு முறை கேட்டிருக்க வேண்டும். துருவிக் கேட்பது என் சுபாவத்தில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சிக்னல் வந்தார். நான் சமையலறையில் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். முன்னறையில் இருவரும் பேசுவது நன்றாகக் கேட்டது.

“என் சீட்டுல உக்காந்திருக்கிற பையன் எப்படி ஓட்டுறான்?” என்று மாமா கேட்டார்.

“அதை ஏன் கேக்குறீங்க அண்ணே. நான் வாயைத் திறக்குறதுக்குள்ள தூக்கிடுறான். நேத்து ஒரு பலகைக் கட்டு போய் ஜன்னல் சட்டத்துல இடிச்சுது. கேட்டா, மேலேர்ந்து எனக்கே தெரியுதுங்கிறான்.”

“தெரியுமாம்ல! கீழே ஆள் சொல்லாம தூக்குறவன் ஆப்பரேட்டரே இல்ல. நான் ஒரு செங்கல்லைக்கூட அப்படித் தூக்கினதில்ல.”

“அது சரி. நீங்க ஏன் ஆபரேஷனுக்கு ஒத்துக்க மாட்டேங்கிறீங்களாம்? அண்ணி அழுறாங்க.”

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: “அங்கயும் இதே கதைதான் தம்பி. அந்தம்மா தள்ளி உக்காந்து ஓட்டுவாங்க. நல்லாவே ஓட்டுவாங்க, நான் வீடியோ பாத்தேன். ஆனா கீழே எப்படின்னு கேட்டேன். உறுதியா சொல்ல முடியாது, உள்ள போய்ப் பாத்தாதான் தெரியும்கிறாங்க. சுமையைத் தூக்கினப்புறமா சிக்னல்மேனைத் தேடுவாங்க?”

சிக்னலுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. “கீழே ஆள் இல்லாமயா? அண்ணே, ஒத்துக்காதீங்க! யாரு என்ன சொன்னாலும் ஒத்துக்காதீங்க!”

டீத் தட்டை எடுத்தேன். முன்னறைக்கு வந்து அதை மேசையில் வைத்தேன்.

“மாமா, அன்னைக்கு நீங்க கேட்டது எந்தக் கீழே?”

“எத்தனை கீழே இருக்கு? ஆள் படுத்திருக்கிற இடத்துல, கீழே, யாரு நிப்பாங்கன்னு கேட்டேன்.”

“நான்... அதைன்னு நெனச்சிட்டேன்.”

“எதை?”

“அதைத்தான் மாமா.”

அத்தை வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். “ஆசனவாயைங்க!” என்று கத்தினார். “அவ டாக்டர்கிட்ட உங்க ஆசனவாயைப் பத்திக் கேட்டிருக்கா! இந்த வீட்டுல ரெண்டு கீழே இருக்கு, அது தெரியாம ஒரு வாரமா நான் அழுதுக்கிட்டு இருக்கேன்!”

சிக்னல் தன் டீயை எடுத்துக்கொண்டு சுவரில் இருந்த காலண்டரை ஆழ்ந்து படிக்க ஆரம்பித்தார். மாமா முதலில் சிவந்தார், பிறகு இருமினார், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். “விடு பாப்பா, நானும் தெளிவாக் கேக்கல. வாக்கி டாக்கியில இப்படிப் பேசியிருந்தா என்னையே வேலையை விட்டுத் தூக்கியிருப்பாங்க” என்றார்.

“இப்ப ஒத்துக்குறீங்களா?” என்றார் அத்தை.

“கீழே யாருன்னு இன்னும் தெரியலையே.”

திங்கள் காலையில் நான் மருத்துவமனைக்குத் தொலைபேசி செய்து, டாக்டரைப் பார்க்கப் பத்து நிமிடம் கேட்டேன். நடந்ததைச் சொன்னதும் டாக்டர் சத்தமாகச் சிரித்தார். பிறகு சட்டென்று நிறுத்தி, “இது நல்ல கேள்வி. என்கிட்ட யாரும் கேட்டதில்ல. அவரை அழைச்சிட்டு வாங்க” என்றார்.

நாங்கள் போனபோது அறையில் டாக்டருடன் இன்னொருவர் இருந்தார். உயரமாக, தோள் சற்று வளைந்து, கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். உதவி டாக்டர். அறுவை சிகிச்சை முழுவதும் நோயாளியை ஒட்டி நின்று, ரோபோ கைகளில் கருவிகளை மாற்றுவதும், ரத்தத்தை உறிஞ்சி எடுப்பதும், கைகளைக் கவனிப்பதும் அவர் வேலை. இந்தத் தடவை நான் ஒவ்வொரு கேள்வியையும் மொழிபெயர்க்கும் முன் மாமாவிடமே ஒரு முறை திருப்பிக் கேட்டேன்.

“அவங்க ஓட்டும்போது நீங்க எங்க நிப்பீங்க?”

“உங்க வலது பக்கம். வயித்தை ஒட்டி.”

“நடுவுல எங்கயாச்சும் போவீங்களா?”

“கடைசித் தையல் வரைக்கும் அங்கதான்.”

“அவங்களுக்குத் தெரியாதது உங்களுக்கு என்ன தெரியும்?”

அவர் இந்தக் கேள்வியை யோசித்தார். “உள்ள இருக்கிறது என்னைவிட அவங்களுக்கு நல்லாத் தெரியும். வெளிய கை ஒண்ணோட ஒண்ணு இடிக்குதா, உங்க உடம்புல எங்கயாச்சும் அழுத்துதா, அது எனக்குத்தான் தெரியும்.”

“நீங்க நிறுத்துன்னு சொன்னா?”

“நிறுத்திடுவேன்” என்றார் டாக்டர். “நான் பாக்குற கண்ணாடியிலேர்ந்து தலையைக் கொஞ்சம் பின்னால எடுத்தாலே எல்லாக் கையும் நின்னுடும்.”

“அம்மா, மன்னிக்கணும். நான் அவரைக் கேட்டேன்.”

உதவி டாக்டர் டாக்டரைப் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்துச் சொன்னார்: “நிறுத்துவாங்க. போன மாசம் ரெண்டு தடவை நிறுத்தச் சொன்னேன். ஒரு தடவை நான் சொன்னது தப்பு, ஒண்ணுமே இல்ல. அவங்க திட்டல.”

மாமா நாற்காலியில் சாய்ந்தார். “தப்பா நிறுத்தினதுக்குத் திட்டலையா?”

“திட்டல.”

“எத்தனை வருஷமா சேர்ந்து வேலை பாக்குறீங்க?”

“நாலு.”

“பரவாயில்ல, போகப் போகப் பழகிடும்” என்று சொல்லிவிட்டு மாமா பேனா கேட்டார்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு உள்ளே அழைத்துப் போனார்கள். சிக்னல் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, பழக்கத்தில் வேலைக் காலணியோடே வந்து காத்திருக்கும் அறையில் உட்கார்ந்திருந்தார். அரை மணிக்கு ஒரு தரம் எழுந்துபோய்க் கதவுக் கண்ணாடியில் முகத்தை ஒட்டுவார். காவலாளி விரட்டுவார். அத்தை தன் வளையலை மேலும் கீழும் நகர்த்திக்கொண்டிருந்தார். ஐந்தரை மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார். எந்திரத்தின் கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்த தடம் அவர் நெற்றியில் சிவப்பாகப் பதிந்திருந்தது. அத்தையைப் பார்த்தவர், என்னிடம் கேட்டுக் கற்றுக்கொண்ட ஒரே ஒரு சொல்லை எங்கள் மொழியில் சொன்னார்.

“கீழே!” என்று சொல்லி, இரண்டு கை கட்டைவிரல்களையும் தூக்கிக் காட்டினார். பிறகு தன் மொழியில், “ரெண்டு கீழேயும் நல்லா இருக்கு” என்றார்.

தசை தப்பித்திருந்தது. கட்டியைச் சுற்றி நல்ல சதையோடு முழுதாக எடுத்துவிட்டார்கள். இரண்டு வாரம் கழித்துச் சோதனை முடிவு வந்தது. எடுத்த சதையின் விளிம்பில் நோய் இல்லை. எடுத்துப் பார்த்த பதினேழு நிணநீர் முடிச்சுகளில் ஒன்றிலும் இல்லை.

வயிற்றில் தற்காலிகப் பை இருந்தது. முதல் வாரம் மாமா அதைப் பார்க்கவே மறுத்தார். அத்தைதான் அதைக் கழற்றி மாற்றக் கற்றுக்கொண்டார், பெயரும் வைத்தார். “ரெண்டு பொண்ணுக்கு அப்புறம் இப்பதான் நமக்கு ஒரு பையன் பொறந்திருக்கான்” என்றார். அதிலிருந்து வீட்டில் “பையன் தூங்குறானா?”, “பையன் சத்தம் போடுறான் பாருங்க” என்றே பேச்சு நடந்தது. மாமா சிரிக்காமல் இருக்கப் பார்த்தார். சிரித்தால் தையல் வலித்தது.

மூன்றரை மாதம் கழித்துப் பையனை வழியனுப்பினார்கள். சின்ன அறுவை சிகிச்சைதான். ஆனால் அதற்குப் பிறகு குடல் பழைய வழியில் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். முதலில் காற்று பிரிய வேண்டும். ஒரு நாள் ஆனது, இரண்டு நாள் ஆனது. நர்ஸ் வந்து “காத்து பிரிஞ்சுதா?” என்பார். எதிர்க் கட்டில்காரர் “ஆச்சா சார்?” என்பார். சிக்னல் மணிக்கொரு முறை வேலையிடத்திலிருந்து எனக்குத் தொலைபேசி செய்து அதையே கேட்டார். “நாலு வார்டுக்கும் இப்ப என் வயித்தைப் பத்திதான் பேச்சு” என்று மாமா போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலை, அத்தை அவருக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது அது நடந்தது. எதிர்க் கட்டில் வரைக்கும் கேட்டது. பிறகு எதிர்க் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்து கை தட்டினார். நர்ஸ் ஓடி வந்தார். அத்தை சீப்பைக் கையில் பிடித்தபடி அழுதார். முப்பது வருடமாக அதற்காக இந்த மனுஷனைத் திட்டியிருக்கிறேன் என்று அழுதுகொண்டே சொன்னார். மாமாவும் அழுதார்.

எல்லாம் உடனே சரியாகிவிடவில்லை. முதல் இரண்டு மாதம் ஒரு நாளைக்குப் பத்து முறை போக வேண்டியிருந்தது. வெளியே கிளம்பினால் கழிப்பறை எங்கே என்றுதான் கண் முதலில் தேடும். இப்போது மூன்று, நான்கு முறை. இன்னும் குறையும் என்கிறார் டாக்டர். போன வாரம் கம்பெனி டாக்டர் பாதுகாப்புப் பட்டையை இறுக்கிப் பார்த்து, அரை நாள் வேலைக்கு ஏறலாம் என்று எழுதிக் கொடுத்தார்.

ஏறுவதற்கு முந்தின நாள் மாமா என்னைக் கூப்பிட்டு இரண்டு கடிதம் எழுதித் தரச் சொன்னார். டாக்டருக்கு ஒன்று. அது சீக்கிரம் முடிந்துவிட்டது; நன்றி என்பதையே நான்கு விதமாகச் சொன்னார். இரண்டாவது உதவி டாக்டருக்கு. அதற்கு அவருக்கு நேரமானது. நான் பேனாவோடு காத்திருந்தேன்.

“எழுது பாப்பா. நான் மயக்கத்துல இருந்தேன், அதனால நீங்க நின்னதைப் பாக்கல. ஆனா நின்னீங்கன்னு எனக்குத் தெரியும்.”

எழுதினேன்.

“அஞ்சரை மணி நேரம். வயித்தை ஒட்டி, வலது பக்கம். அசையாம.”

எழுதினேன். மாமா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கால் ரொம்ப வலிச்சிருக்கும், அதுக்கு நன்றி. அப்படியே எழுது, மாத்தாத.”

மாற்றாமல் எழுதினேன்.